அரை கிராமை எப்படி அளப்பது? – அடுப்படிக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ரொட்டிக் கடிதங்களே அதிகம். பெரிய கணக்கைச் சின்னதாக்கும்போது ஈஸ்டும் உப்பும் தராசுக்கு அகப்படுவதில்லை என்பதுதான் எல்லாருடைய புகாரும். அதனால் இந்த முறை முழுக்க ரொட்டிக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அக்கா, என் மாமனார் அந்தக் காலத்தில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை செய்தவர். தோட்டத்து லயங்களுக்கெல்லாம் சைக்கிளில் போன ரொட்டி அது. அவர் நோட்டில் எழுதி வைத்திருப்பது: மாவு 10 கிலோ, தண்ணீர் 6 கிலோ 200 கிராம், சீனி 400 கிராம், மார்ஜரின் 300, உப்பு 180, இன்ஸ்டண்ட் ஈஸ்ட் 80. எங்களுக்கு ஒரே ஒரு ரொட்டி போதும். நாற்பதால் வகுத்தால் ஈஸ்ட் 2 கிராம் வருகிறது. அதை என் தராசில் நிறுத்தினால் ஒரு நாள் பொங்கி வழிகிறது, ஒரு நாள் எழும்பவே மாட்டேன் என்கிறது. மாமனார் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போகிறார். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, கோலகங்சார்

பதில்: மாமனாரின் கணக்கு அருமையான கணக்கு, தங்கச்சி. ரொட்டிக்காரர்கள் மாவை நூறு என்று வைத்துக்கொண்டுதான் மற்றதைச் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் இதில் தண்ணீர் 62, சீனி 4, மார்ஜரின் 3, உப்பு 1.8, ஈஸ்ட் 0.8. இந்த விகிதத்தைப் பார்த்ததுமே தெரிகிறது, கை பழகிய ஒருவர் எழுதியது என்று. நீங்கள் வகுத்ததும் சரி. 250 கிராம் மாவுக்கு 155 கிராம் தண்ணீர், 10 கிராம் சீனி, ஏழரை கிராம் மார்ஜரின், நாலரை கிராம் உப்பு, 2 கிராம் ஈஸ்ட். பிசைந்தால் ஏறக்குறைய 430 கிராம் மாவு. ஒரு சின்ன அச்சுக்கு அளவாக இருக்கும்.

சிக்கல் தராசில்தான். கிராம் கிராமாகக் காட்டும் தராசு 2 என்று சொன்னால், தட்டில் ஒன்றரை கிராமும் இருக்கலாம், இரண்டரை கிராமும் இருக்கலாம். தண்ணீர் 155இல் அரை கிராம் முன்னே பின்னே போனால் ரொட்டிக்குத் தெரியவே தெரியாது. ஈஸ்ட் 2 கிராமில் அரை கிராம் என்பது நாலில் ஒரு பங்கு. நம் ஊர் வெயிலில், மதிய நேரத்துச் சமையலறையில், அந்த நாலில் ஒரு பங்கு கூடினாலும் மாவு அவசரமாக ஊதி, அடுப்புக்குள் போவதற்குள் அமுங்கிவிடும்.

இன்னொன்றும் உண்டு. சமையல் தராசுகள் பலவற்றில், சுழிக்குப் பக்கத்தில் வரும் சின்ன அசைவைத் தானாகவே சுழியாக்கிவிடும் ஏற்பாடு இருக்கிறது. கிண்ணத்தை வைத்து, பொத்தானை அழுத்திச் சுழியாக்கிவிட்டு, ஈஸ்டைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிப் பாருங்கள். ஒன்றிரண்டு கிராம் விழுந்த பிறகும் தராசு 0 என்றே நிற்கும். பொறுமையாகத் தூவுகிறவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் கிண்ணத்தை வைத்த பிறகு சுழியாக்க வேண்டாம். கிண்ணம் 63 கிராம் என்றால், 63லிருந்து எண்ணுங்கள்.

இனி 2 கிராமுக்கு வருவோம். 2 கிராமை நிறுக்க வேண்டாம். 8 கிராம் நிறுத்துங்கள். அதே அரை கிராம் பிசகு இப்போது பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. வழுவழுப்பான தாளில் அந்த ஈஸ்டைக் கொட்டி, ஐசி என்கிற அடையாள அட்டையின் ஓரத்தால் ஒரே கனத்தில் நீளமான கோடாகத் தள்ளுங்கள். ஒரு முனை தடித்தும் மறு முனை மெலிந்தும் இருக்கக் கூடாது. நடுவில் அட்டையை வைத்து இரண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு பாதியையும் மறுபடி கோடாக்கி இரண்டாக வெட்டினால் நாலு பங்கு. ஒரு பங்கு இன்றைய மாவுக்கு. மற்ற மூன்றையும் தனித்தனியாகத் தாளில் மடித்து, காற்றுப் புகாத சின்னப் போத்தலில் போட்டு, உறைபெட்டியில் வையுங்கள். அடுத்த மூன்று ரொட்டிக்கும் தராசைத் தொடவே வேண்டியதில்லை. கண்ணால் வெட்டும்போது கொஞ்சம் முன்னே பின்னே வரும்தான். ரொட்டி அதைத் தாங்கும்.

உப்புக்கு வேறு வழி. 45 கிராம் உப்பை 405 கிராம் தண்ணீரில் கரைத்து ஒரு கண்ணாடிப் போத்தலில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் 45 கிராம் ஊற்றினால் நாலரை கிராம் உப்பு வந்துவிடும், கூடவே நாற்பது கிராம் தண்ணீரும். ஆகவே மாவுக்கு ஊற்றும் தண்ணீரை 115 ஆகக் குறையுங்கள். இதை மறந்தால் மாவு கையில் ஒட்டும், உடனே மாவைத் தூவுவீர்கள், மாமனார் கணக்கு அங்கேயே கெட்டுவிடும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பத்துக் கிலோ மாவு ஒன்றாகக் கிடந்தால் தன் சூட்டைத் தானே பிடித்து வைத்துக்கொண்டு வேகமாக எழும்பும். உங்கள் சின்ன உருண்டை சீக்கிரமே அறையின் சூட்டுக்கு வந்துவிடும். நோட்டில் ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். இரண்டு மடங்கு ஆகட்டும். அடுத்த ரொட்டியை அவருக்குக் கொடுக்கும்போது, மாவு எப்படி இருக்க வேண்டும் என்று அவரிடமே விரலால் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கையில் இருப்பது எந்த நோட்டிலும் இருக்காது.

கேள்வி: முதல் நாள் இரவே கொஞ்சம் மாவைப் புளிக்க வைத்து, மறுநாள் ரொட்டி சுடும் முறையைப் பழகுகிறேன். வெளிநாட்டுக் குறிப்பு ஒன்றில் 100 கிராம் மாவு, 100 கிராம் தண்ணீர், 0.2 கிராம் இன்ஸ்டண்ட் ஈஸ்ட் என்று போட்டிருக்கிறது. 0.2 கிராமை எதில் அளப்பது அக்கா? ஒரு சிட்டிகை என்று வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு மாணவர், சித்தியவான்

பதில்: சிட்டிகை வேண்டாம் தம்பி. உங்கள் சிட்டிகையும் உங்கள் அம்மாவின் சிட்டிகையும் ஒன்றல்ல. இந்த அளவுக்கு எந்தத் தராசையும் நம்பாமல் தண்ணீரை நம்புங்கள்.

ரப்பர்த் தோட்டத்துப் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ரப்பர்ப் பால் உறைவதற்கு ஊற்றும் ஆசிட்டை அப்படியே ஊற்றவே மாட்டார்கள். தேவைப்படுவது துளி அளவுதான் என்பதால், முதலில் நிறையத் தண்ணீரில் கலந்து, அந்தத் தண்ணீரைத்தான் அளந்து ஊற்றுவார்கள். ஈஸ்டுக்கும் அதே வழிதான். 5 கிராம் ஈஸ்டை 495 கிராம் தண்ணீரில் கலக்குங்கள். இப்போது நூறு கிராம் தண்ணீரில் ஒரு கிராம் ஈஸ்ட் இருக்கிறது. 20 கிராம் ஊற்றினால் 0.2 கிராம் ஈஸ்ட். ஒரு கிராம் தராசே இதற்குப் போதும்.

உப்பு கரைந்தால் கரைந்ததுதான், போத்தல் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். ஈஸ்ட் அப்படி இல்லை. அது கரைவதில்லை, கலங்கி மிதந்துகொண்டு இருக்கும், கொஞ்சம் விட்டால் அடியில் போய் உட்கார்ந்துவிடும். குவளையின் அடியில் பழுப்பாக ஒரு படிவு கண்ணுக்கே தெரியும். மேலாக ஊற்றினால் வெறும் தண்ணீர்தான் வரும். அதனால் கரண்டியால் அடியைச் சுரண்டிக் கலக்கி, கை நிற்பதற்குள் ஊற்றிவிடுங்கள். குளிர்ந்த தண்ணீர் வேண்டாம், ஆறின தண்ணீர் போதும். மிச்சத்தை நாளைக்கு என்று வைக்காதீர்கள். அன்றைக்கே ஆப்ப மாவில் ஊற்றிக்கொள்ளலாம்.

ஆனால் 0.2 என்ற அளவே உங்களுக்கு ஒத்துவருமா என்று முதலில் பாருங்கள். இப்படிப்பட்ட குறிப்புகள் பெரும்பாலும் 21 டிகிரி அளவில் இருக்கும் அறையை நினைத்து எழுதப்பட்டவை. நம் ஊரில் நள்ளிரவில்கூடச் சமையலறை அதைவிடச் சூடு. பாதியாக்கி, 10 கிராம் ஈஸ்ட் தண்ணீரும் 90 கிராம் வெறும் தண்ணீரும் ஊற்றிப் பாருங்கள். மேலெல்லாம் குமிழி வெடித்து, நடுப்பகுதி இலேசாகச் சுருங்கி இறங்கத் தொடங்கும்போது மாவு தயார். பக்கமெல்லாம் வழிந்த தடம் விட்டு முழுக்க இறங்கி, மூக்கில் சுரீரென்று அடித்தால் நேரம் தாண்டிவிட்டது, அடுத்த தடவை ஈஸ்டை இன்னும் குறையுங்கள். கால் கிராமுக்குக் கீழே குறைப்பதற்கு இந்தத் தண்ணீர் வழியைவிட எளிதானது எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: எங்கள் காலத்தில் எல்லாம் கரண்டிக் கணக்குதான். இப்போது ஏன் எடை எடை என்கிறீர்கள்?
– ஓர் அம்மா, பாகான் செராய்

பதில்: கரண்டியும் கணக்குத்தான் அம்மா, அளவுக் கரண்டியாக இருந்தால். 5 மில்லி பிடிக்கும் தேக்கரண்டியில் தலைதட்டி எடுத்தால் இன்ஸ்டண்ட் ஈஸ்ட் 3 கிராம், சீனி 4 கிராம், தூள் உப்பு 6 கிராம் அளவில் வரும். கால், அரைக்கால் கரண்டியும் சேர்ந்த செட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. தேத்தண்ணி கலக்கும் கரண்டி அதற்கு ஆகாது, வீட்டுக்கு வீடு ஒரு அளவு. கல்லுப்பையும் கரண்டியால் அளக்காதீர்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் காற்றும் அளவில் சேர்ந்துவிடும். பொடித்தாலும் பொடி நைசாக இருப்பதைப் பொறுத்து எடை மாறும். அதைத் தராசில் வைப்பதே நல்லது.

நீங்கள் பல வருடம் சுட்டுப் பழகிய கணக்கை மாற்றச் சொல்லவில்லை. உங்கள் கரண்டியில் எடுத்த ஈஸ்டை ஒரு தடவை நிறுத்து, எத்தனை கிராம் என்று எழுதி வையுங்கள். பேத்தி கேட்டால் கொடுக்கலாம்.

கேள்வி: நகைக்கடைத் தராசு மாதிரி சின்னதாக ஒன்று விற்கிறார்களே, வாங்கலாமா?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: நம் ஊர்க்காரர்! தாராளமாக வாங்கலாம். 200 கிராம் வரை தாங்கி, 0.01 கிராம் வரை காட்டும் சட்டைப்பைத் தராசு பெரிய விலை இல்லை. மாவையும் தண்ணீரையும் அதில் வைக்காதீர்கள், தாங்காது. கடைசி இலக்கத்தை வேதவாக்காகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே காற்றாடி ஓடினால் எண் ஆடிக்கொண்டே இருக்கும், நிறுத்திவிட்டு அளங்கள்.

தராசு சரியா என்று பார்க்க நம் சட்டைப்பையிலேயே படிக்கல் இருக்கிறது. 2012இல் வந்த புது வரிசை மலேசியக் காசுகளில் 10 காசு 2.98 கிராம், 5 காசு 1.72 கிராம். தேய்ந்து போகாத 10 காசு ஒன்றை வைத்துப் பாருங்கள். சமையல் தராசு வைத்திருப்பவர்கள் பத்து 10 காசுகளை ஒன்றாக வைத்தால் 30 காட்ட வேண்டும். பழைய வரிசைக் காசுகளைக் கலந்துவிடாதீர்கள், எடை வேறு.

கேள்வி: குறிப்பில் பச்சை ஈஸ்ட் போட்டிருக்கிறது. என்னிடம் இன்ஸ்டண்ட்தான் இருக்கிறது.
– ஒரு வாசகி, தெலுக் இந்தான்

பதில்: மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். பச்சை ஈஸ்ட் 6 கிராம் என்றால் இன்ஸ்டண்ட் 2 கிராம்.

கேள்வி: ரொட்டி மாவுக்கு வைட்டமின் சி சேர்த்தால் நன்றாக எழும்பும் என்கிறார்கள். எவ்வளவு சேர்ப்பது?
– ஒரு வாசகி, கூலிம்

பதில்: உண்மைதான். மாவிலுள்ள பசைக்கு வலு கொடுக்கும், காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேண்டிய அளவுதான் நம்ப முடியாத அளவுக்குச் சின்னது. பத்து லட்சம் பங்கு மாவுக்கு நாற்பது பங்கு என்று வைத்தால், 250 கிராம் மாவுக்கு 10 மில்லிகிராம். இதை எந்த வீட்டுத் தராசிலும் நம்பி நிறுக்க முடியாது. மருந்துக்கடையில் சாதாரண 100 மில்லிகிராம் மாத்திரை ஒன்று வாங்குங்கள். நுரைத்துக் கரையும் வகை வேண்டாம், அதில் சோடா இருக்கிறது. மாத்திரையை நன்றாக நசுக்கி 100 மில்லி தண்ணீரில் கலக்கினால் ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம். பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் ஊசியில்லாத சிரிஞ்சில் 10 மில்லி எடுத்து மாவில் விடுங்கள், அந்த 10 மில்லியைத் தண்ணீர்க் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். அடியில் வெள்ளையாகத் தங்குவது மாத்திரையைப் பிடித்து வைத்திருக்கும் மாவுதான், பயப்பட வேண்டாம். மிச்சத்தை எடுத்து வைக்காதீர்கள், தண்ணீரில் கலந்த வைட்டமின் சி சீக்கிரம் சத்துப் போய்விடும். நீங்கள் வாங்கும் மாவுப் பையில் இதை முன்பே சேர்த்திருக்கிறார்களா என்று முதலில் படித்துப் பாருங்கள். சேர்த்திருந்தால் இந்த வேலையே வேண்டாம்.