மூட்டுவாதத்துக்கு மருந்து எடுக்கும் குழந்தைக்குத் தடுப்பூசி போட மருத்துவர்கள் ஏன் தயங்குகிறார்கள்?

போட்ட பிறகு ஏதாவது ஆனால் பழி தங்கள் தலையில் விழும் என்பதால்தான். கடுமையாகத் தோன்றலாம். ஆனால் மகளை அழைத்துக்கொண்டு ஐந்து வருடமாகச் சென்னையில் மருத்துவர்களிடம் அலைந்தவளுக்கு இதைவிட நேரான பதில் தெரியவில்லை.

அவளுக்கு நான்கு வயதில் மூட்டுவாதம் என்று உறுதியானது. காலையில் முழங்கால் மடங்காது. ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியை ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்குவாள். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோய் இது. அந்தச் சக்தியைத் தணிக்க வாரம் ஒரு முறை, ஞாயிறு இரவு, மெத்தோட்ரெக்சேட் மாத்திரை.

குழந்தை மருத்துவரிடம் தடுப்பூசி அட்டையை நீட்டினால், "மூட்டு டாக்டரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்" என்பார். மூட்டு டாக்டரோ, "ஊசியெல்லாம் குழந்தை டாக்டர் பார்ப்பது, இப்போதைக்கு வேண்டாம், ஆறு மாதம் போகட்டும்" என்பார். அந்த ஆறு மாதம் இரண்டு வருடமாக நீண்டது. 4 வயதுக்கும் 6 வயதுக்கும் இடையே போட வேண்டிய எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி) கட்டம் காலியாகவே கிடந்தது. ஒருவரும் போடவில்லை, போடக் கூடாது என்று எழுதித் தரவும் இல்லை. சின்னம்மை ஊசி போடாமல் விட்டது மட்டும் எங்கள் தவறு. அரசு அட்டவணையில் இல்லை, காசு கொடுத்துப் போட வேண்டும், பிறகு பார்க்கலாம் என்று நாங்களே தள்ளிப்போட்டிருந்தோம்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பெற்றோர்கள் மறுத்தார்கள், மருத்துவர்கள் கெஞ்சினார்கள். என் கதை தலைகீழ். கெஞ்சியது நான்.

ஒரு ஏப்ரலில் பள்ளி வேனில் அவள் பக்கத்தில் உட்காரும் பையனுக்குச் சின்னம்மை போட்டது. அவர்கள் வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்ததைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அம்மா மாங்காட்டு அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். நான் மூட்டு டாக்டருக்குத் தொலைபேசினேன். 21 நாள் வரை வரலாம், ஒரு கொப்புளம் தெரிந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் வந்துவிடுங்கள் என்றார். தினசரித் தாள் நாட்காட்டியில் ஒவ்வொரு தாளாகக் கிழித்து எண்ணினேன். குளிக்க வைக்கும்போது முதுகில் வேர்க்குருவைப் பார்த்து இரண்டு முறை கை நடுங்கியது. நல்லவேளையாக வரவில்லை.

அதற்குப் பிறகு வேறொரு மூட்டு டாக்டரிடம் போனோம். வயதானவர், பேச்சில் பூச்சு கிடையாது. "ஊசி போட்ட வாரத்தில் முழங்கால் வீங்கினால் ஊசியால் வீங்கியது என்பீர்கள். போடாமல் விட்டு அம்மை வந்தால் தலைவிதி என்பீர்கள். அதனால்தான் எங்கள் ஆட்கள் தள்ளிப்போடுகிறார்கள்" என்றார். எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

அவர் சொன்னதிலிருந்து எனக்குத் தெளிந்தது இது. எல்லா ஊசியும் ஒன்றல்ல. இன்ஃப்ளுயென்சா ஊசி, நிமோனியாவுக்கான நிமோகாக்கல் ஊசி, ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் ஆகியவற்றில் உயிருள்ள கிருமி இல்லை. மருந்து எடுக்கும்போதும் போடலாம். எதிர்ப்புச் சக்தி சற்றுக் குறைவாகப் பிடிக்கலாம், அவ்வளவுதான். எம்.எம்.ஆர்., சின்னம்மை போன்றவற்றில் இருப்பது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள வைரஸ். யோசிக்க வேண்டியது அங்கேதான். ஸ்டீராய்டை நாளுக்கு 20 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இரண்டு வாரமாவது எடுத்த குழந்தைக்கு, நிறுத்தி ஒரு மாதமாவது ஆன பிறகே இவற்றைப் போடுவார்கள். எதிர்ப்புச் சக்தியின் ஒரு பகுதியை மட்டும் குறிவைத்துத் தடுக்கும் உயிரியல் மருந்துகள் (பயாலஜிக்ஸ்) எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. மெத்தோட்ரெக்சேட் மட்டும் எடுக்கிற குழந்தைக்கு முன்பு இருந்த அளவு பயம் இப்போது இல்லை. நெதர்லாந்தில் 137 மூட்டுவாதக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. எம்.எம்.ஆர். பூஸ்டர் போட்டவர்களுக்கு, போடாதவர்களைவிட நோய் கூடவில்லை. ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர்களின் பரிந்துரையும் பிறகு அந்தப் பக்கமே சாய்ந்தது. படிக்கும்போதே "உயிருள்ள ஊசி ஆகாது" என்று மனப்பாடம் செய்தவர்கள் இன்னும் அங்கேயே நிற்கிறார்கள் என்பது என் எண்ணம்.

எம்.எம்.ஆர். போட்டோம். எட்டாம் நாள் ஒரு நாள் காய்ச்சல். தினமும் இரவில் அவள் தூங்கிய பிறகு இரண்டு முழங்காலையும் உள்ளங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பேன். வீங்கவில்லை. நான்கு வாரம் கழித்துச் சின்னம்மை ஊசி. தம்பிக்கும் அன்றே போட்டோம்; அவனிடமிருந்து இவளுக்கு வராமல் இருக்க அதுவும் ஒரு வேலி.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். "வேண்டாம்" என்றால், எந்த ஊசி, எந்த மருந்தால், எந்தத் தேதி வரை என்று அட்டையின் பின்பக்கத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பேனாவைக் கையில் எடுத்ததும் பாதி "வேண்டாம்" தானே உதிர்ந்துவிடும். இன்னொரு மருத்துவரைக் கேட்கச் சொன்னால், அவருக்கு ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். என் கணக்கை அப்படியே உங்கள் குழந்தைக்குப் போட்டுவிடாதீர்கள். மருந்தும் அளவும் வேறாக இருக்கும்.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. ஊசி அடுத்து வருகிறது. இவள் வயதில் மற்றச் சிறுமிகளுக்கு எங்கள் மருத்துவர் போடுவது 2 டோஸ், எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்து எடுப்பதால் இவளுக்கு 3. மூன்று தேதியும் அட்டையில் எழுதி வாங்கிவிட்டேன். எனக்கு மட்டும் ஏன் ஒன்று கூடுதல் என்று இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.