நடராஜர் சிலையில் சொல்லப்படும் தத்துவமெல்லாம் பிற்காலத்தில் ஒட்டவைத்ததா?

உடுக்கை என்றால் படைப்பு, தீ என்றால் அழிப்பு என்று நடராஜருக்குச் சொல்லப்படும் விளக்கங்கள் சிலை பிறந்தபோதே இருந்தவையா, பிறகு வந்தவையா என்பது கேள்வி.

பிறகு வந்தவை என்பதாலேயே பொய்யாகிவிடாது. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். 7ஆம் நூற்றாண்டில் அப்பர் தில்லையில் பாடிய 'குனித்த புருவமும்' பாட்டில் உடுக்கையும் இல்லை, தீயும் இல்லை. வளைந்த புருவம், குமிண்சிரிப்பு, ஈரச் சடை, பவள மேனியில் வெண்ணீறு, தூக்கிய திருவடி, அவ்வளவுதான். இதைக் காணக் கிடைத்தால் மனிதப் பிறவியும் வேண்டும் என்கிறார். எதற்கு என்ன பொருள் என்று அவர் சொல்லவே இல்லை. அடுத்த சில நூற்றாண்டுகளில் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் இந்த வடிவத்தை நிலைநிறுத்தின. 13ஆம் நூற்றாண்டில் மனவாசகங்கடந்தார் எழுதிய 'உண்மை விளக்கம்'தான் உறுப்புக்கு உறுப்பு கணக்குச் சொல்கிறது: துடியில் (உடுக்கையில்) தோற்றம், அஞ்சாதே என்று அமைத்த கையில் காத்தல், தீயில் சங்காரம் (அழித்தல்), ஊன்றிய காலில் மறைத்தல், தூக்கிய காலில் முத்தி.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஊன்றிய கால். காலடியில் கிடக்கும் முயலகன் என்ற ஆணவத்தை மிதித்து அடக்குகிறார் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். நூலோ அந்தக் காலை மறைத்தல் என்கிறது. வினைகளை அனுபவித்து உயிர் பக்குவப்படும்வரை இறைவன் தன்னை மறைத்துக்கொள்கிறான். சைவ சித்தாந்தத்தில் அதுவும் அருளின் ஒரு வகைதான். மிதிப்பது என்று மட்டும் படித்தால் இது கைநழுவிப் போகிறது. 2004இல் ஜெனீவா அருகே செர்ன் அணு ஆய்வுக்கூடத்தில் நடராஜர் சிலை வைத்த பிறகு பரவிய 'அணுவின் ஆட்டத்தை அன்றே கண்டார்கள்' வகைச் செய்திகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

என் அப்பாயிக்கு உண்மை விளக்கம் தெரியாது. ஒருமுறை ஆருத்ரா தரிசனக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே, "முயலகன் கொடுத்துவைத்தவன், அந்தக் கால் அவன்மேல் அல்லவா இருக்கிறது" என்றார். சாத்திரம் சுற்றிவளைத்துச் சொன்னதை அவர் கூட்ட நெரிசலில் நின்றே பிடித்துவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

இந்தக் கணக்கு எங்கும் ஒரே மாதிரி செல்லுபடியாகுமா என்றால், மதுரை இருக்கிறது. அங்கே மீனாட்சி கோயில் வெள்ளியம்பலத்தில் வழக்கத்துக்கு மாறாக இடது காலை ஊன்றி வலது காலைத் தூக்கி ஆடுகிறார். திருவிளையாடல் புராணம் சொல்லும் காரணம் தத்துவமே அல்ல. பரதம் கற்ற ராஜசேகர பாண்டியனுக்கு உடம்பெல்லாம் வலித்தது. நமக்கே இப்படி என்றால் ஒரே காலில் ஓயாமல் ஆடுகிறவருக்கு எப்படி வலிக்கும் என்று கலங்கி, கால் மாற்றி ஆடச் சொல்லிக் கெஞ்சினான். அவரும் மாற்றிக்கொண்டார்.

அப்பாயிக்கு இந்தக் கதையைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "மாற்றியும் எத்தனையோ காலம் ஆகிவிட்டதே, இப்போது அந்தக் கால் வலிக்காதா?"