‘வார் வோன்ட் யெய்?’ ஏன் தவறு?

நீங்கள் டச்சு மொழியில் ‘வார் வோன்ட் யெய்?’ என்று எழுதியதில் ‘வோன்ட்’டின் ‘ட்’டை ஆசிரியர் அடித்துவிட்டது சரிதான், அங்கே அது வராது. ‘வார் வோன் யெய்?’ (நீ எங்கே வசிக்கிறாய்?) என்றுதான் எழுத வேண்டும். டச்சில் ‘நீ’ என்ற யெய் அல்லது யெ வினைக்குப் பின்னால் வந்தால் நிகழ்கால ‘ட்’ விழுந்துவிடும்.

‘யெய் வோன்ட்’ என்று மனப்பாடம் செய்து, கேள்விக்கு அதை அப்படியே திருப்பிப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தமிழில் ‘ஆ’ சேர்த்தால் கேள்வி வந்துவிடும், வினை மாறாது. அந்தப் பழக்கம் எளிதில் விடாது. வார்த்தை வரிசையைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள், கடினமான பாதி அதுதான்.

யெ வரும் இடத்தில் குழப்பமா? அதற்குப் பதில் யெய் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் ‘ட்’ வேண்டாம். யௌ (உன்) பொருந்தினால் ‘ட்’ இருக்கட்டும்: ‘வார் வோன்ட் யெ ப்ரூர்?’ (உன் அண்ணன் எங்கே வசிக்கிறார்?). இங்கே எழுவாய் அண்ணன், நீ அல்ல.

அப்புறம், இந்த விதி யெய், யெ இரண்டுக்கும் மட்டும்தான். மரியாதைக்குரிய ‘யூ’வுக்கும், ‘அவன்’ என்ற ஹெய்க்கும் ‘ட்’ அப்படியே நிற்கும்: ‘வார் வோன்ட் யூ?’ ‘ஏட்’ (சாப்பிடு) போல வினையடியிலேயே ‘ட்’ இருந்தால் அதையும் தொடாதீர்கள்: ‘வாட் ஏட் யெய்?’