அப்பா நட்ட மாந்தோப்பு: வெட்டுவதா, விடுவதா?

கேள்வி: எங்களுடையது 64 மாமரங்கள் உள்ள குடும்பத் தோப்பு. 38 வருடத்துக்கு முன் அப்பா 25 அடி இடைவெளி விட்டு, 8 வரிசையாக ஒட்டுக்கன்று நட்டார். வெளியூர் வேலையில் இருந்த நான், அவர் மறைந்த பிறகு இரண்டு வருடமாகத் தோப்பைப் பார்க்கிறேன். கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. காயெல்லாம் உச்சியில்தான், ஏறிப் பறிக்க ஆட்கள் தயங்குகிறார்கள். இந்த வருடம் காய்த்த மரம் அடுத்த வருடம் சும்மா நிற்கிறது. எல்லாவற்றையும் தூரோடு எடுத்துவிட்டு அடர்நடவு போடலாம் என்கிறான் தம்பி. ஒரு மரத்தைக்கூடத் தொடக்கூடாது என்கிறார் அம்மா. பூக்க வைக்கும் மருந்தை வேரில் ஊற்றினால் போதும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில் ஒரு வேலை செய்யுங்கள். நல்ல வெயில் நாளில், உச்சிப்பொழுதில் தோப்பின் நடுவில் போய் நின்று தரையைப் பாருங்கள். அங்கங்கே வெயில் திட்டுத் திட்டாக விழ வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஒரு கைக்குட்டை அகலத்துக்குக்கூட விழாது என்று நினைக்கிறேன். நோய் அதுதான். மா, கிளை நுனியில் பூக்கும் மரம். வெயில் படாத உள்கிளை பூக்காது. வெயில் உச்சியில் மட்டும் பட்டால் காயும் உச்சியில்தான் இருக்கும். 38 வயது ஒட்டு மாமரத்துக்குக் கிழ வயதில்லை. அது வெளிச்சத்துக்கு ஏங்கி நிற்கிறது, அவ்வளவே.

மருந்து விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அவர் சொல்வது பேக்லோபியூட்ரசாலாக இருக்கும். அது மரத்தின் வளர்ச்சியை அடக்கிப் பூவுக்குத் தள்ளும். திடமான, வெளிச்சம் புகும் மரத்துக்கு, அளவோடு கொடுத்தால் வேலை செய்யும். உங்கள் மரத்துக்கு இப்போது தேவை புதுத் துளிர். துளிரை அடக்கும் மருந்தை ஊற்றிவிட்டுப் புதுக்கிளை எங்கே என்று தேடினால் எப்படி? மண்ணிலும் அது சீக்கிரம் கரைந்து போவதில்லை. ஊற்றாதீர்கள்.

தம்பி சொல்வதை மட்டமாக நினைக்க வேண்டாம். அடர்நடவு நல்ல முறைதான். ஏக்கருக்குச் சற்றுக் குறைவான அதே இடத்தில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் என்று நட்டால் 150 மரம் வரை வரும். ஆனால் அத்தனை மரத்தையும் வருடா வருடம், அறுவடை முடிந்த கையோடு கவாத்து செய்தாக, அதாவது கிளைகளை வெட்டி ஒழுங்குபடுத்தியாக வேண்டும். 64 மரத்துக்குக் கத்தி வைக்க ஆள் இல்லாத வீடு 150 மரத்துக்கு என்ன செய்யும் என்று அவரிடமே கேளுங்கள். தவறினால் ஏழெட்டு வருடத்தில் இதைவிட மோசமாகப் பின்னிக்கொள்ளும். புதுக்கன்று ஓரளவு காய்க்கவும் 3, 4 வருடம் ஆகும். மொத்தத் தோப்பையும் எடுத்துவிட்டால் அதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி?

நான் சொல்வது இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி: தாய்க்கிளைகளைக் குறைத்து மரத்தைப் புதுப்பிப்பது. தரையிலிருந்து 10, 12 அடி உயரத்தில் பெரிய கிளைகளை அறுத்துவிட்டால் புதுத் துளிர் வரும். மூன்றாம் வருடம் அதில் காய் பார்க்கலாம். புதுக்கன்றுக்கு ஆகும் காலம்தான் ஏறக்குறைய. ஆனால் இதற்கு அடியில் 38 வருடத்து வேர் இருக்கிறது.

எல்லா மரத்தையும் ஒரே வருடத்தில் தொடக்கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இளவயதில், ஒரு தோப்பில் 30 மரங்களை ஒரே வாரத்தில், ஓர் இலைகூட மிச்சமில்லாமல் மொட்டையடிக்கச் சொன்னேன். நிழலிலேயே இருந்து பழகிய பட்டை வெயிலில் வெடித்தது. வெடிப்பில் தண்டுத் துளைப்பான் வண்டு முட்டை வைத்தது. 4 மரம் போயிற்று. தோப்புக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் ஓர் ஓரத்திலிருந்து தொடங்கி, வருடத்துக்கு இரண்டு வரிசை, அதாவது 16 மரம். அடுத்தடுத்த வரிசையாக இருக்கட்டும். ஒன்றுவிட்டு ஒன்று வெட்டினால், பக்கத்தில் உயரமாக நிற்கும் மரம் புதுத்துளிர் மேல் நிழல் போடும். ஒவ்வொரு மரத்திலும் இலையோடு ஒரு கிளையை விட்டுவிடுங்கள். அது வேருக்குச் சாப்பாடு போடும், பட்டைக்கு நிழல் தரும். அடுத்த வருடம் அதையும் குறைத்துக்கொள்ளலாம்.

எந்த வரிசையில் தொடங்குவது? இங்கேதான் அம்மா வேண்டும். மரம் நிறையக் காய்த்த வருடத்தில் சத்தெல்லாம் காய்க்குப் போகிறது. காய்த்த நுனியில் புதுத்துளிர் நேரத்துக்கு வருவதில்லை, வந்தாலும் முதிர்வதில்லை. அதனால் மறுவருடம் பூ இல்லை. அப்படியானால், கொட்டிக் காய்த்த மரத்தைப் பறித்து முடித்ததும் வெட்டினால் நாம் இழக்கும் முதல் வருடம் எப்படியும் வெற்று வருடம்தான். உண்மையில் கைவிட்டுப் போவது ஒரு வருடக் காய்ப்பு. எந்த மரம் எந்த வருடம் காய்த்தது என்பது உங்களுக்குத் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. அப்பாவோடு தோப்பில் நின்றவருக்குத் தெரியும். அவரைக் கூட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து, ஒரு நோட்டில் மரத்துக்கு ஒரு எண் போட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். எது இனிக்கும், எது நார், எதில் பிஞ்சு நிற்காது, எல்லாவற்றையும். மட்டமான காய் தரும் மரங்களை அப்புறம் புதுத்துளிரில் வேறு ரகம் ஒட்டி மாற்றிவிடலாம். மரம் சாகாது, அடிமரமும் வேரும் அப்பா நட்டதுதான் என்று புரிந்தால் அம்மாவும் ஒத்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

வெட்டும் முறையில் அவசரம் ஆகாது. மழை ஓய்ந்த நாளாகப் பாருங்கள். கனத்த கிளையை மேலிருந்து ஒரே மூச்சில் அறுத்தால், பாதியிலேயே முறிந்து பட்டையை அடிவரை உரித்துக்கொண்டு விழும். முதலில் கீழ்ப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுங்கள். ஒரு சாண் தள்ளி மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்கிவிட்டு, மிச்சக் கட்டையைக் கடைசியில் சீராக எடுங்கள். வெட்டுமுகம் சற்றுச் சரிவாக இருந்தால் தண்ணீர் தேங்காது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், மாம்பால் தோலைப் பொசுக்கிவிடும்.

வெட்டிய அன்றே, வெட்டுமுகத்தில் பூசணம் பிடிக்காமல் காக்கும் போர்டோ பசையைப் பூச வேண்டும். 1 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 1 கிலோ நீற்றாத சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர். துத்தத்தைப் பாதித் தண்ணீரிலும் சுண்ணாம்பை மீதியிலும் தனித்தனியாகக் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் சேருங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது. பளபளப்பான கத்தியை அதில் கொஞ்ச நேரம் நனைத்து எடுங்கள். அலகில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். வெயில் படும் அடிமரத்துக்கும் கிளைகளுக்கும் வெறும் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

சில மாதத்தில் வெட்டுக்குக் கீழே குச்சி குச்சியாக நூறு துளிர் கிளம்பும். பார்க்க அழகாக இருக்கும், கை வைக்க மனசு வராது. வைத்தே ஆக வேண்டும். கிளைக்கு 6 முதல் 8 வரை, வெளிநோக்கி வளர்வதாக, நாலாபக்கமும் பரவலாக விட்டுவிட்டு மற்றதை எடுங்கள். எடுக்காவிட்டால் ஐந்து வருடத்தில் பழைய கதைதான். புதுத்துளிர் இருக்கும் நாட்களில், பச்சை மாறாத இலைத்துண்டுகள், கத்தரியால் வெட்டியதுபோல் நேர்கோட்டில் நறுக்கப்பட்டு மரத்தடியில் கிடந்தால் அது இலைவெட்டும் வண்டு. மருந்துக்கு ஓடும் முன், அந்தத் துண்டுகளைப் பெருக்கி எரித்துவிடுங்கள். முட்டை அதில்தான் இருக்கும். அடிமரத்தில் துளையும், கீழே மரத்தூளும் எச்சமும் கண்டால் தண்டுத் துளைப்பான். சைக்கிள் கம்பியைத் துளையில் விட்டுப் புழுவை இழுத்துப் போட்டு, களிமண்ணால் அடையுங்கள். முதல் இரண்டு வருடம் வாரம் ஒருமுறை அடிமரத்தைச் சுற்றி வருவது கட்டாயம்.

தொழு உரத்தை அடிமரத்தில் குவிக்க வேண்டாம். உறிஞ்சும் வேர், வெட்டுவதற்கு முன் கிளை விரிந்திருந்த ஓரத்தில்தான் நிறைய இருக்கிறது. வட்டப்பாத்தி அங்கே இருக்கட்டும். திறந்த இடத்தில் இரண்டு வருடம் பயறு வகை போட்டுக்கொள்ளலாம்.

வெட்டாமல் நிற்கும் 48 மரத்திலும் இந்த வருடமே காய்ந்த குச்சிகளையும், நடுவில் நேராக மேலே போகும் ஒரு கிளையையும் எடுத்துவிடுங்கள். உள்ளே காற்றும் வெளிச்சமும் புகுந்தால் தத்துப்பூச்சியும் அதனால் வரும் கரும்பூசணமும் குறையும். தம்பிக்கு ஒரு மூலையில் இடம் ஒதுக்கி, 10 கன்று அடர்நடவு போடச் சொல்லுங்கள். அதன் கவாத்து அவர் பொறுப்பு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.