107 சதவீதம்: நரேன் ஏன் ஓடவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

2011 மெல்போர்ன் ஃபார்முலா 1 பந்தயத்தில் எங்கள் ஊர்க்காரர் நரேன் கார்த்திகேயனை ஓட விடவில்லை. 107 சதவீத விதி என்றார்கள். நரேன் மெதுவாக ஓட்டினார், அவ்வளவுதான் என்கிறார்கள் நண்பர்கள். அந்த வருடம்தான் விதி திரும்பி வந்தது, சின்ன அணிகளைக் கழற்றிவிடத்தான் கொண்டுவந்தார்கள் என்பது என் எண்ணம். இந்த 107 சதவீத எல்லைக்கோட்டை எதை வைத்துப் போடுகிறார்கள்? சீசனுக்கு முந்தைய சோதனையைத் தவறவிட்ட அணி, பந்தய வாரத்தின் மூன்று பயிற்சிகளில் அதைச் சரிக்கட்டிவிட முடியாதா?

செ., கோயம்புத்தூர்

அன்புள்ள செ.,

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். தகுதிச் சுற்றின் முதல் பகுதியில், அதாவது கியூ1-இல், பதிவான மிக வேகமான நேரத்தை நொடிகளாக்கி 1.07-ஆல் பெருக்க வேண்டும். மெல்போர்னில் அந்த நேரம் ரெட் புல் ஓட்டுநர் வெட்டலின் 1:25.296. பெருக்கினால் 1:31.266. இதைவிடக் கூடுதல் நேரம் எடுத்தவருக்குப் பந்தயத்தில் இடமில்லை. நரேனின் சக ஓட்டுநர் லியுட்ஸி 1:32.978, நரேன் 1:34.293. எச்ஆர்டி அணியின் இரண்டு கார்களுமே கோட்டுக்கு வெளியே. லியுட்ஸி 1.7 நொடி பின்தங்கினார், நரேன் 3 நொடி.

சின்ன அணிகளைக் கழற்றிவிடவே கொண்டுவந்தார்கள் என்ற உங்கள் சந்தேகத்துக்கு விதியின் வாசகம் இடம் தரவில்லை. 1996-இல் முதலில் வந்தபோது, தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தவரின் நேரத்தை ('போல்' நேரம்) வைத்தே கோடு போட்டார்கள். 2003-இல் ஆளுக்கு ஒரே வேகச் சுற்று என்ற தகுதி முறை வந்ததும் விதியைக் கைவிட்டார்கள். 2011-இல் திரும்பியபோது அளவுகோல் கியூ1 நேரமாக மாறியது. இந்த மாற்றம் பின்வரிசைக்குச் சாதகம். முன்னணிக் கார்கள் கியூ1-இல் முழு வேகத்தைக் காட்டுவதில்லை, பெரும்பாலும் கடினமான டயரிலேயே கரையேறிவிடும். மெல்போர்னில் வெட்டலின் போல் நேரம் 1:23.529. பழைய விதிப்படி கோடு 1:29.376-இல் விழுந்திருக்கும், வர்ஜின் அணியின் இரண்டு கார்களும் வீட்டுக்குப் போயிருக்கும். புதிய கணக்கிலேயே அந்த அணியின் தாம்ப்ரோசியோ தப்பியது 0.288 நொடியில்தான்.

முந்தைய ஆண்டு இந்த விதி இருந்திருந்தால் இன்னொரு நம்மவரும் மாட்டியிருப்பார். 2010 பஹ்ரைனில் எச்ஆர்டி அணிக்காக ஓட்டிய சென்னையின் கருண் சந்தோக்கின் கார், தகுதிச் சுற்றில்தான் முதன்முதலாகத் தடத்தில் இறங்கியது. அவர் நேரம் 2:04.904. அன்றைய கியூ1-இன் சிறந்த நேரம் அலோன்சோவின் 1:54.612. மீதியை நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இனி சோதனைக்கு வருவோம். செய்தித்தாளில் வரும் நேரப்பட்டியலைப் பார்த்து, யார் வேகம் என்று தெரிந்துகொள்ளத்தான் சோதனை என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பட்டியலை நான் நம்புவதில்லை. டாங்கில் 10 கிலோ எரிபொருள் கூடினால் சுற்றுக்குச் சுமார் 0.3 நொடி போகும், யார் எவ்வளவு ஊற்றியிருக்கிறார்கள் என்பது வெளியே தெரியாது. நிஜ வேலை வேறு. புதிய கார் முதலில் ஒரே ஒரு சுற்று மட்டும் ஓடித் திரும்பும். மூடியைக் கழற்றி எண்ணெய், நீர், ஹைட்ராலிக் கசிவு இருக்கிறதா, ஒவ்வொரு சென்சாரும் பேசுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, கியர் மாறும் நேரம், ரேடியேட்டருக்கு எவ்வளவு பெரிய திறப்பு வேண்டும் என்பதெல்லாம். காற்றழுத்தம் அளக்கும் குழாய்ச் சட்டத்தைக் காரில் மாட்டி நேர்பாதையில் ஒரே வேகத்தில் ஓட்டி, காற்றுச் சுரங்கத்தில் கிடைத்த எண்ணோடு ஒப்பிடுவார்கள். எண்கள் பொருந்தாவிட்டால், அந்த எண்ணை நம்பிச் செய்யும் அடுத்த பாகமும் தப்பாகவே வரும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் செட்டப், அதாவது காரைத் தடத்துக்கு ஏற்றபடி அமைப்பது. ஓட்டுநர் பிரேக்கை எங்கே மிதிப்பது என்று பழகுவது அதற்கும் பிறகு.

2011-இல் எச்ஆர்டி சோதனைகளில் ஓட்டியது முந்தைய ஆண்டின் காரை. புதிய எஃப்111 கார் பார்சிலோனாவில் திரை விலக்கப்பட்டது, ஆனால் பாகங்கள் சுங்கத்தில் நின்றதால் ஓடவில்லை. மெல்போர்னில் வெள்ளிக்கிழமை பிட்டில், அதாவது அணியின் கொட்டகையில், கார்களின் பாகங்களைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். லியுட்ஸி நாள் முடியும் நேரத்தில் ஒரு சுற்று வந்தார். நரேனுக்கு அதுவும் இல்லை.

பயிற்சிகளில் சரிக்கட்ட முடியாதா என்கிறீர்கள். 2011-இல் மூன்றும் சேர்ந்து மொத்தம் 4 மணி நேரம். கசிவு தேடவே வெள்ளி போய்விட்டால் மிஞ்சுவது சனிக்கிழமையின் ஒரு மணி. அதன்பின் அன்றைய விதிப்படி 20 நிமிடம் கியூ1. வெளியேறும் சுற்று, வேகச் சுற்று, திரும்பும் சுற்று என்று ஒரு ஓட்டத்துக்கு 5 நிமிடம் பிடிக்கும், அதிகபட்சம் மூன்று ஓட்டம் கிடைக்கும். அது பைரெல்லி டயர் ஃபார்முலா 1-க்குத் திரும்பி வந்த முதல் ஆண்டு வேறு. கீழழுத்தம் (காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசை) குறைந்த காரால் முன் டயரைச் சூடாக்க முடியாது. சூடாகாத டயர் வளைவில் பிடிக்காமல் வழுக்கும், மேற்பரப்பு குருணை குருணையாகப் பிய்யும். ஓட்டுநர் இன்னும் மெதுவாகப் போவார், டயர் இன்னும் ஆறும். போதாக்குறைக்கு இந்த அணியிடம் கேர்ஸ் இல்லை. சுற்றுக்கு 6.67 நொடி நேரம் 60 கிலோவாட் கூடுதல் சக்தி தரும் அந்தக் கருவி இல்லாததால் மட்டும் 0.3 நொடிக்கு மேல் போகும்.

நரேன் லியுட்ஸியைவிட 1.3 நொடி பின்தங்கியது உண்மை. ஆனால் இத்தனை குறைந்த சுற்றுகளை வைத்து இருவரையும் எடைபோடுவது நியாயமில்லை. லியுட்ஸியாலும் கோட்டைத் தொட முடியவில்லை என்பதை உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள்.

விதியில் ஒரு ஜன்னல் உண்டு. பயிற்சியில் தகுந்த நேரம் காட்டியிருப்பது போன்ற விதிவிலக்கான காரணம் இருந்தால், பந்தய அதிகாரிகள் அனுமதிக்கலாம். 1997-இல் இதே மெல்போர்னில் ஆரோஸ் அணியின் டினிஸ் கோட்டுக்கு வெளியே இருந்தும் ஓடினார். போல் நேரத்திலிருந்து 11 நொடிக்கு மேல் தள்ளியிருந்த லோலா கார்கள் இரண்டும் நிறுத்தப்பட்டன, அடுத்த பந்தயத்துக்கு முன்பே அந்த அணி மூடப்பட்டது. 2015 மலேசியாவில் மானர் அணியை அனுமதித்தார்கள். 2011-இல் எச்ஆர்டியின் வேண்டுகோள் மறுக்கப்பட்டது. கையில் காட்டுவதற்குப் பயிற்சி நேரம் இல்லாதவர்களுக்கு அந்த ஜன்னல் திறக்காது. அதிகாரிகள் செய்தது சரி என்பேன். சரியாகப் பரிசோதிக்கப்படாத கார், சுற்றுக்கு 9 நொடி வரை வேக வித்தியாசத்தில் முன்னணிக் கார்களின் பாதையில் நிற்பது விளையாட்டில்லை.

இரண்டு வாரம் கழித்து மலேசியாவின் செபாங்கில் அதே காரில் நரேனும் லியுட்ஸியும் தேறினார்கள். அடுத்த ஆண்டும் கதை மாறவில்லை. எச்ஆர்டியின் புதிய எஃப்112 கார் மோதல் பரிசோதனையில் தாமதமாகி அதிகாரபூர்வச் சோதனைகளைத் தவறவிட்டது. மெல்போர்னில் நரேனும் சக ஓட்டுநர் தெ லா ரோசாவும் 107-க்கு வெளியே நின்றார்கள். ஒரு வாரம் கழித்து செபாங்கில் இருவரும் உள்ளே.