பெயர் மட்டும் சூட்டியவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில அறிஞர் வில்லியம் ஹியூவெல்லின் கடிதங்களைப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். எதையும் கண்டுபிடிக்காமல், பிறர் கண்டுபிடித்தவற்றுக்குப் பெயர் மட்டும் சூட்டிய ஒருவரின் கடிதங்களுக்கு இவ்வளவு நேரம் தரவேண்டுமா? வாழ்க்கை வரலாற்றோடு நிறுத்திக்கொள்ளலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நிறுத்திக்கொள்வது உங்கள் விருப்பம். 1794இல் லங்காஸ்டரில் தச்சரின் மகனாகப் பிறந்து, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் தலைவராக உயர்ந்து, 1866இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார் என்பதற்கு இரண்டு பக்கம் போதும். 1835இல் ஒன்பது நாடுகளின் கரைகளில் ஒரே நாட்களில் கடல் ஏற்றவற்றத்தை அளக்க ஏற்பாடு செய்தவரை ‘எதையும் கண்டுபிடிக்காதவர்’ என்று நீங்கள் எழுதியதையும் விட்டுவிடுகிறேன். ‘மட்டும்’ என்ற சொல்லைத்தான் விட முடியவில்லை.

கரைசல் வழியே மின்சாரம் செல்லும்போது அது நுழையும் இடத்துக்கும் வெளியேறும் இடத்துக்கும் பெயர் வேண்டும் என்று, 1834 ஏப்ரல் 24 அன்று மின்சாரத்தை ஆராய்ந்த விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே ஹியூவெல்லுக்கு எழுதினார். கொல்லரின் மகன், புத்தகம் கட்டும் தொழில் பழகியவர், கிரேக்கம் அறியாதவர். தச்சரின் மகனிடம் கேட்கிறார். மின்னோட்டத்தின் இயல்பைப் பற்றிய எந்தக் கோட்பாடும் அந்தச் சொற்களுக்குள் ஒளிந்திருக்கக் கூடாது என்பது அவருடைய கவலை. மறுநாளே பதில் எழுதிய ஹியூவெல், ஏறும் வழி, இறங்கும் வழி என்று பொருள்படும் ஆனோடு, கேத்தோடு என்ற சொற்களைத் தந்தார். சூரியன் எழும் திசையும் விழும் திசையும், அவ்வளவுதான். நேரா எதிரா என்ற பேச்சே அதில் இல்லை.

நாம் என்ன செய்தோம்? ஆனோடுக்கு நேர்மின்வாய், கேத்தோடுக்கு எதிர்மின்வாய் என்று பெயரிட்டோம். பள்ளியில் மயில்துத்தக் கரைசலில் சாவிக்குத் தாமிர முலாம் பூசியபோது அந்தப் பெயர்கள் சரியாகவே பொருந்தின. பின்னர், துத்தநாகமும் தாமிரமும் கொண்டு மின்சாரம் தரும் டேனியல் மின்கலம் பாடத்தில் வந்தது. அதில் மின்சாரம் கரைசலுக்குள் நுழையும் துத்தநாகத் தகடுதான் ஆனோடு, ஆனால் அதுவே எதிர்மின்முனையும்கூட. படத்தில் கழித்தல் குறிக்குப் பக்கத்தில் ‘நேர்மின்வாய்’ என்று எழுதச் சொன்ன ஆசிரியரிடம் காரணம் கேட்டேன். “அப்படியே எழுது” என்றார். தவறு அவருடையதன்று. பொருளை முழுவதும் விசாரிக்காமல் சொல்லை வார்த்தவர்களுடையது. தமிழால் முடியாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. புகுவாய், விடுவாய் என்று வைத்திருந்தால் எந்த மாணவரும் குழம்பியிருக்க மாட்டார். சொல்லாக்கம் என்பது அகராதியைப் புரட்டுகிற வேலை என்று நினைக்கிற நம் பழக்கத்தின்மீதுதான் என் கோபம். அந்தப் பழக்கம் உங்கள் ‘மட்டும்’ என்ற சொல்லிலும் இருக்கிறது.

புதிய சொற்களை நண்பர்கள் எதிர்த்தபோது, ஹியூவெல்லின் பெயரைக் கேடயமாகப் பிடித்ததாகவும் எதிர்ப்பு உடனே கரைந்துபோனதாகவும் ஃபாரடே மே மாதத்தில் அவருக்கே எழுதினார். ஆனாலும் அதே ஹியூவெல் பிற்பாடு ஆக்கிய ‘ஃபிசிசிஸ்ட்’ (இயற்பியலாளர்) என்ற சொல்லை, நாவில் புரளவில்லை என்று ஃபாரடே ஏற்க மறுத்தார். நல்ல நட்பு.

ஏப்ரல் 24ஆம் தேதிக் கடிதத்தையும் 25ஆம் தேதிப் பதிலையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள். அதிலும் ‘மட்டும்’ இருந்தால் பதில் எழுத மாட்டேன்.