இருட்டில் டுவார்ஃபுக்கு என்ன தெரியும்?

பகடைக் கேள்வி - பதில்

கேள்வி: அண்ணாச்சி, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரமாக விளையாடும் ஆட்டத்தில் எங்கள் கூட்டம் ஐந்து பேர். ஒரு டுவார்ஃப், இரண்டு எல்ஃப், ஒரு டீஃப்ளிங் என்று கற்பனை இனத்தவர் நாலு பேருக்கு டார்க்விஷன், அதாவது இருட்டிலும் தெரியும் பார்வை. ஒருத்தர் மட்டும் மனிதன். குகைக்குள் இறங்கினால் நாலு பேரும் "எங்களுக்குத்தான் எல்லாம் தெரியுதே" என்கிறார்கள். டிஎம் ஆக ஆட்டத்தை நடத்தும் நான் இருட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?
*– வாசகர், புளியரை*

பதில்: அந்த விதியைப் பாதி படித்ததும் எல்லோரும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள், அதுதான் தொல்லை. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு சொல்வது இது: டார்க்விஷன் உள்ளவருக்கு 60 அடிக்குள் மங்கல் வெளிச்சம் நல்ல வெளிச்சம் மாதிரித் தெரியும். முழு இருட்டு, மங்கல் வெளிச்சம் மாதிரித் தெரியும். அவ்வளவுதான். முழு இருட்டு பகலாகிவிடும் என்று எங்கேயும் எழுதவில்லை.

மங்கலில் கண்ணை நம்பிச் செய்யும் பர்செப்ஷனுக்கு, அதாவது கவனித்துக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு, டிஸ்அட்வான்டேஜ் உண்டு. இருபது முகப் பகடையை இரண்டு தடவை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். உருட்டாமல் சும்மா நடந்து போகிறவருக்கு பாஸிவ் பர்செப்ஷன் என்ற நிலையான எண்ணில் 5 கழியும். 14 வைத்திருக்கும் உங்கள் எல்ஃப் தீப்பந்தம் இல்லாமல் நடந்தால் 9 தான். கண்டுபிடிக்க 12 வேண்டும் என்று நீங்கள் வைத்த கண்ணிக்கயிறு அவர் காலில்தான் மாட்டும்.

நிறமும் கிடையாது, எல்லாம் சாம்பல். எங்கள் மேசையில் நான் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான். "தரையில் ஈரம் படர்ந்திருக்கிறது" என்று மட்டும் சொல்வேன். ரத்தமா, ஒழுகிய தண்ணீரா, கொட்டிய எண்ணெயா என்பது டுவார்ஃபுக்குத் தெரியாது. குனிந்து தொட்டுப் பார்க்க வேண்டும், இல்லை விளக்கு ஏற்ற வேண்டும். கதவில் மூன்று கல் பதித்து "சிவப்பை அழுத்து" என்று முந்தின அறையிலேயே துப்புக் கொடுத்து வைத்தால், அத்தனை நேரம் மனிதனைக் கேலி செய்தவர்கள் "தம்பி, அந்தப் பந்தத்தைக் கொஞ்சம் இங்கே காட்டு" என்று வந்து நிற்பார்கள்.

அடுத்தது தூரம். 60 அடி என்றால் இப்போது ஓடும் ரயில் பெட்டி ஒன்றின் நீளம்கூட வராது. எதிரியாக வரும் குட்டிப் பூதம் கோப்ளினுக்கும் டார்க்விஷன் அதே 60 அடிதான். ஆனால் அதன் கையில் உள்ள சின்ன வில் 80 அடி வரை சிரமமில்லாமல் எய்யும். உங்கள் ஆட்கள் வெளிச்சத்தோடு வந்தால் கோப்ளினுக்கு அவர்கள் எத்தனை தூரத்திலும் தெரிவார்கள், 60 அடிக் கணக்கே அங்கே இல்லை. இருட்டில் 75 அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் கோப்ளினை உங்கள் ஐந்து பேரில் ஒருவரும் பார்க்க முடியாது. பார்க்க முடியாத எதிரி எய்யும் அம்புக்கு அட்வான்டேஜ் வேறு, இரண்டு தடவை உருட்டி அதிகமானதை எடுக்கலாம். இப்போது அந்த நாலு பேருக்கும் நிஜமான ஒரு முடிவு எடுக்க வேண்டிவரும்: பந்தத்தை அணைத்துவிட்டு மங்கலில் தடவிப் போவதா, பிடித்துக்கொண்டு குறியாவதா? இந்தச் சண்டையைக் கிளப்பிவிட்டு நீங்கள் டீ குடிக்கலாம்.

பந்தம் மனிதனுக்கு மட்டும்தான் என்று நினைக்கவேண்டாம். அது 20 அடிக்கு நல்ல வெளிச்சம், அதைத் தாண்டி இன்னும் 20 அடிக்கு மங்கல். டார்க்விஷன் உள்ளவர் பக்கத்தில் நின்றால் அந்த 40 அடியும் அவருக்கு நல்ல வெளிச்சம்தான். பந்தத்தால் அதிக லாபம் அவருக்கே.

விளக்கை யார், எப்படிப் பிடித்திருக்கிறார் என்றும் கேளுங்கள். நான் ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவன். மீட்டர்கேஜ் காலத்தில் மழைக்கால ரோந்துக்கு பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே உள்ள சுரங்கத்துக்குள் மண்ணெண்ணெய்க் கைவிளக்கோடு நடந்திருக்கிறேன். 1904-ல் திறந்த மலைப்பாதை அது. உள்ளே தண்ணீர் சொட்டும், தலைக்கு மேல் வவ்வால். புதிதாக வந்தவன் விளக்கை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பான். கண் கூசி, எதிரே உள்ளது ஒன்றும் தெரியாது. பழகினவன் முழங்கால் உயரத்தில், உடம்புக்குச் சற்றுப் பின்னால் பிடிப்பான். அப்போது தண்டவாளத்தின் மேல்முகம் மினுங்கும், ஸ்லீப்பர் ஒவ்வொன்றின் நிழலும் முன்னால் நீளும். ஒரு கல் இடம் மாறிக் கிடந்தாலும் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஒரு கை போய்விடும். உங்கள் ஆட்டத்திலும் அப்படித்தான்: வாள், கேடயம், பந்தம் மூன்றையும் பிடிக்க மூன்று கை வேண்டும். "பந்தம் எந்தக் கையில்?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள், மேசையில் பேச்சே நின்றுபோகும்.

கேள்வி: சார், என்னோட மந்திரவாதி வார்லாக், இருட்டைப் பரப்பும் டார்க்னஸ் மந்திரம் போட்டால் கூட்டாளிகளே திட்டுகிறார்கள். அந்த இருட்டிலும் பார்க்கும் டெவில்ஸ் சைட் எனக்கு மட்டும்தானே இருக்கிறது! என் தமிழில் மலையாளம் கலந்திருந்தால் க்ஷமிக்கணும்.
*– கல்லூரி மாணவி, புனலூர்*

பதில்: மன்னிப்பெல்லாம் வேண்டாம் மோளே. 1956 நவம்பர் வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தது. என் அப்பா பேசிய தமிழை நீ கேட்டிருக்க வேண்டும்.

திட்டுகிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்த மந்திர இருட்டு 15 அடி ஆரத்துக்குப் பரவும். டார்க்விஷனால் அதைத் துளைக்க முடியாது, பந்தமும் உள்ளே எரிந்து பயனில்லை. உனக்கு 120 அடி தெரிகிறது, உன் கூட்டாளிகளுக்கு மூக்கு நுனிகூடத் தெரியாது. "கண்ணுக்குத் தெரியும் ஒருவரை" குறிவைக்க வேண்டிய மந்திரம் எதையும் உன் கூட்டத்துப் பூசாரி கிளெரிக் போட முடியாது. திருடன் கதாபாத்திரம் வைத்திருப்பவர் அட்வான்டேஜுக்காக அரும்பாடுபட்டு ஒளிந்து வந்திருப்பார். இரண்டு பக்கமும் குருடானதும் அட்வான்டேஜும் டிஸ்அட்வான்டேஜும் கழிந்து அவர் வெறும் பகடையோடு நிற்பார். கோபம் வராதா?

ஒரு வழி உண்டு. மந்திரத்தைக் காற்றில் போடாதே, உன் கையில் உள்ள ஒரு காசின் மேல் போடு. அந்தக் காசை ஒளி புகாத எதாலாவது முழுக்க மூடினால் இருட்டு அடைபடும் என்று விதியிலேயே இருக்கிறது. எங்கள் மேசையில் ஒருத்தர் சுண்ணாம்பு டப்பா வைத்திருக்கிறார். மூடியைத் திறந்தால் இருட்டு, மூடினால் வெளிச்சம். உன் முறை வரும்போது திற, அடித்து முடித்ததும் மூடு. திறப்பதற்கும் மூடுவதற்கும் என்ன செலவு என்று டிஎம்மிடம் முன்கூட்டியே பேசிக்கொள், சண்டை நடுவில் பேசாதே. மந்திரம் 10 நிமிடம்தான் நிற்கும், அதுவும் நீ கவனம் சிதறாமல் இருந்தால்.

கேள்வி: பழைய பதிப்பில் இருந்த இன்ஃப்ராவிஷனை ஏன் எடுத்தார்கள்? வெப்பத்தைப் பார்ப்பது எவ்வளவு அழகான யோசனை!
*– வாசகர், தென்மலை*

பதில்: அழகுதான், ஆட்டத்துக்குத்தான் ஆகாது. ஆட்டம் வந்தது 1974-ல். 1978-ல் வந்த அட்வான்ஸ்டு பதிப்புப் புத்தகத்தில் டுவார்ஃப், எல்ஃப் எல்லோருக்கும் 60 அடி இன்ஃப்ராவிஷன். சூடானது தெரியும், பக்கத்தில் பந்தம் எரிந்தால் கெட்டுப்போகும். இதைக் கேட்டதும் மேசையில் உள்ள பி.எஸ்ஸி. பிசிக்ஸ்காரர் விழித்துக்கொள்வார். சுவரும் தரையும் ஒரே குளிர்ச்சியில் இருந்தால் பள்ளம் எப்படித் தெரியும்? எலும்புக்கூட்டுக்கு உடம்புச் சூடு ஏது? செத்து ஒரு மணி நேரமான பிணம் எந்தக் கணக்கு? விளையாட வந்தவர்கள் வாதாடிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். 2000-ல் மூன்றாம் பதிப்பு டார்க்விஷனைக் கொண்டுவந்து, கறுப்பு வெள்ளையில் தெரியும் என்று சொல்லி வழக்கை முடித்தது.

வெப்பப் பார்வை வேண்டும் என்றால் ஒரு மிருகத்துக்குக் கொடுங்கள். உங்கள் காட்டிலேயே குழிவிரியன் இருக்கிறது. கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவே உள்ள குழியால் எலியின் உடம்புச் சூட்டை உணர்ந்து இருட்டில் கொத்தும். அந்த மாதிரி ஒன்றை டன்ஜனில் விட்டு, ஈரச் சேற்றைப் பூசிக்கொண்டு அதைக் கடந்து போகலாமா என்று ஆட்டக்காரர்களையே யோசிக்க விடுங்கள். ஒரு மிருகத்தைப் பற்றி வாதாடினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கேள்வி: மனிதனுக்கு இருட்டில் எதுவுமே தெரியாது என்கிறது விதி. நிஜத்தில் கொஞ்சம் தெரியத்தானே செய்கிறது?
*– வாசகர், கடையநல்லூர்*

பதில்: வெட்டவெளியில் தெரியும், சுரங்கத்துக்குள் தெரியாது. துளி வெளிச்சமும் இல்லாத இடத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும் கண் பழகாது, பழகுவதற்கு ஒன்றுமில்லை. நட்சத்திர வெளிச்சமாவது இருந்தால் கண்ணில் உள்ள கோல் செல்கள் மெல்ல வேலைக்கு வரும். முழுசாகப் பழக அரை மணி நேரம் போல ஆகும். பார்வையின் நட்டநடுவில் அந்தச் செல்கள் இல்லை. அதனால் மங்கலான ஒன்றை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், கொஞ்சம் ஒதுக்கிப் பார்த்தால் தெரியும். வெளிச்சம் குறையக் குறைய முதலில் கறுத்துப்போவது சிவப்பு. மொட்டை மாடியில் அந்தி சாயும்போது செம்பருத்தியைப் பாருங்கள், இலைக்கு முன்னால் பூ கறுத்துவிடும்.

விதியோ, பெரும்பாலான நிலா இரவுகளையும் இருட்டு என்றே எண்ணுகிறது. இது எனக்கு ஒப்பாது. எங்கள் மேசையில், அரை மணி நேரம் எந்த விளக்கையும் பார்க்காத மனிதனுக்கு வெளியில் பக்கத்து உருவங்கள் நிழலாகத் தெரியும் என்று வைத்திருக்கிறோம். யாராவது தீக்குச்சி உரசினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. புத்தகத்தில் இல்லாத விதி, உங்கள் டிஎம் ஒத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பந்தம் எத்தனை, எண்ணெய் எவ்வளவு என்று கணக்கெழுதுவது சலிப்பாக இருக்கிறது. விட்டுவிடலாமா?
*– வாசகர், குளத்துப்புழை*

பதில்: லைட் மந்திரம் தெரிந்தவர் கூட்டத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள், அது செலவில்லாமல் ஒரு மணி நேரம் நிற்கும். இல்லையென்றால் மூடியுள்ள லாந்தர் வாங்கச் சொல்லுங்கள்: ஒரு குப்பி எண்ணெய்க்கு 6 மணி நேரம், ஆபத்து என்றால் மூடியை இறக்கலாம். கணக்கே ஆட்டமாக வேண்டும் என்பவர்களுக்கு 2023-ல் ஷேடோடார்க் என்று வேறொரு ஆட்டம் வந்திருக்கிறது. அதில் ஆட்டக்காரர் யாருக்கும் இருட்டில் கண் தெரியாது, பந்தம் நம் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் எரியும். கேரக்டர் தயங்கி நின்றாலும் சரி, நீங்கள் போனில் பேசிக்கொண்டிருந்தாலும் சரி, பந்தம் தீரும். யாரும் எதையும் எழுத வேண்டாம், செல்போனில் டைமர் போதும்.

கேள்வி: குகைக் காட்சி வரும்போது நிஜமாகவே அறை விளக்கை அணைத்துவிட்டு விளையாடலாமா?
*– வாசகர், தென்காசி*

பதில்: மெழுகுவத்தி வைத்துக்கொள்ளலாம், கேரக்டர் ஷீட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். முழுக்க அணைப்பதாக இருந்தால் பகடை உருட்டும் பொறுப்பை டிஎம் எடுத்துக்கொள்ள வேண்டும். இருட்டில் கட்டிலுக்கு அடியில் ஓடின பகடையில் எப்போது பார்த்தாலும் 20 தான் விழுகிறது.